ஃபார்மட் அடிக்கும் முன்

"ஓஎஸ் போயிடுச்சும்மா. ஃபார்மட் அடிச்சுப் புதுசா விண்டோஸ் போட்டுடலாம்."

அம்பத்தூர் ஓ.டி.யில் தொடங்கி திருமுல்லைவாயல், ஆவடி, பூந்தமல்லி டிரங்க் ரோடு வரைக்கும் லேப்டாப் சர்வீஸ் கடை கவுன்டர்களில் நாள் தவறாமல் காதில் விழும் வார்த்தை இது. எதிரே நிற்பவர் கல்லூரி மாணவரின் அம்மாவாக இருப்பார். இல்லையென்றால் தொழிற்பேட்டையில் சின்னதாக லேத் பட்டறை நடத்துபவராக இருப்பார். "சரி தம்பி, பார்த்துப் பண்ணுப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் லேப்டாப் ஜம்மென்று ஓடும். பிள்ளையின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அதில் இருக்காது. பட்டறையின் டேலி கணக்கும் இருக்காது.

இந்த இழப்பில் பெரும்பகுதி வீண் இழப்பு. கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்பது வேறு, உள்ளே இருக்கும் ஃபைல்கள் அழிந்துவிட்டன என்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் வீட்டில் பதறுகிறோம், கடையில் தலையாட்டுகிறோம்.

பவர் பட்டனை அழுத்தியதும் விண்டோஸ் நேரடியாக வந்துவிடுவதில்லை. மதர்போர்டில் ஒரு சிறிய சிப்பில் பதிந்திருக்கும் மென்பொருள் முதலில் விழிக்கிறது. பழைய கணினிகளில் அது பயாஸ், இப்போது வருபவற்றில் யூஇஎஃப்ஐ. ராம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று அது சோதிக்கும். பிறகு எந்த டிஸ்கிலிருந்து கிளம்புவது என்று தன்னிடமுள்ள வரிசையைப் பார்த்து, அங்கே இருக்கும் பூட் லோடரிடம் வேலையை ஒப்படைக்கும். பூட் லோடர்தான் விண்டோஸையோ லினக்ஸையோ ஏற்றுகிறது. இதெல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்தச் சில நொடிகளுக்குள் சரியான கீயைத் தட்டினால் 'எதிலிருந்து கிளம்பட்டும்?' என்று கேட்கும் பட்டியல் திரையில் வரும். அதுதான் பூட் மெனு. அதைத் திறந்து பார்ப்பதால் எதுவும் அழியாது. பயப்பட வேண்டியதே இல்லை.

நம் ஊரில் இதைப் போன்ற ஒரு பட்டியலை, பூட் லோடர் காட்டுவதை, லட்சக்கணக்கான பிள்ளைகள் தெரிந்தோ தெரியாமலோ பார்த்திருக்கிறார்கள். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்து கொடுத்த அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கி, 2007-இல் வெளியிட்ட இயங்குதளம் அது. லேப்டாப்பைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வரும். அம்புக்குறியால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்ட வேண்டும். திட்டம் நடந்த ஆண்டுகளில் கொடுக்கப்பட்ட லேப்டாப்கள் 50 லட்சத்தைத் தாண்டின. ஒரு மாநில அரசு இத்தனை வீடுகளுக்கு இரண்டு இயங்குதளங்களைக் கொண்டுசேர்த்தது சாதாரணக் காரியமல்ல.

ஆனால் அந்தக் கறுப்புத் திரை எதற்கு வருகிறது என்று வகுப்பில் செய்து காட்டியவர்கள் குறைவு. வைரஸ் என்று நினைத்தவர்கள் உண்டு. கடைக்குக் கொண்டுபோனால் விண்டோஸை மட்டும் திரும்பப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். புதிதாகப் போடும் விண்டோஸ், பூட் லோடர் இருந்த இடத்தில் தன்னுடையதை எழுதிக்கொள்ளும். லினக்ஸ் டிஸ்கில் அப்படியே கிடக்கும், போக வழி இருக்காது. பிளஸ் ஒன் கணினிப் பாடத்தில் கோல்டு பூட்டிங், வார்ம் பூட்டிங் என்று படிக்கிறார்கள், கேள்வி வந்தால் எழுதுகிறார்கள். படிப்பு மதிப்பெண்ணோடு நின்றுவிடுகிறது. வீட்டு லேப்டாப் திரை கறுத்தால் அதே மாணவர் கடைக்குத்தான் ஓடுகிறார்.

எந்த கீயைத் தட்டுவது என்பதில்தான் குழப்பம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல் என்றால் எஃப்12. ஹெச்பி என்றால் எஸ்கேப், அடுத்து எஃப்9. லெனோவோவிலும் பெரும்பாலும் எஃப்12தான். அதன் ஐடியாபேட் வகைகள் பலவற்றில் பக்கவாட்டில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும், லேப்டாப் அணைந்திருக்கும்போது அதற்குள் ஊக்கால் லேசாக அழுத்தினால் பட்டியல் வந்துவிடும். ஏசரில் எஃப்12 தட்டித் தட்டி விரல் வலித்தும் ஒன்றும் வராமல் போகலாம். கீபோர்டில் கோளாறு இல்லை; பல ஏசர் மாடல்களில் அந்த வசதி அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். எஃப்2 தட்டி உள்ளே போய், எஃப்12 பூட் மெனு என்ற வரியை இயக்கிவிட்டு வர வேண்டும். கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. பவர் போட்ட கணத்திலிருந்து விட்டுவிட்டுத் தட்ட வேண்டும்.

இன்னொரு சிக்கல், விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து இருப்பது. ஷட்டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை. பாதித் தூக்கத்துக்குப் போய், அடுத்தமுறை வேகமாக எழுந்துவிடுகிறது. கீ தட்டுவதற்குள் விண்டோஸ் வந்துவிடும். விண்டோஸ் வரைக்கும் போக முடிகிறதென்றால், ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் மீட்புப் பக்கம் திறக்கும். விண்டோஸே வராத நிலையிலும் கிளம்பும் முயற்சி அடுத்தடுத்துத் தோற்றால் அந்தப் பக்கம் பெரும்பாலும் தானாகவே வந்து நிற்கும்.

அந்தப் பக்கத்தில் முதலில் தொட வேண்டியது ஸ்டார்ட்அப் ரிப்பேர். அப்டேட் ஓடும்போது கரண்ட் போய், பூட் ஃபைல் கெட்டிருந்தால் பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். கோளாறு அப்டேட்டுக்குப் பிறகுதான் தொடங்கியது என்றால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். முந்தைய நல்ல நிலைக்குத் திரும்ப சிஸ்டம் ரீஸ்டோர். இது ஆவணங்களைத் தொடாது, பின்னால் போட்ட புரோகிராம்கள் மட்டும் போகும். கடைசியில் இருப்பது ரீசெட். அதில் 'ஃபைல்களை வைத்துக்கொள்', 'எல்லாவற்றையும் நீக்கு' என்று இரண்டு வழி. இரண்டாவதில் கை பட்டால் ஃபார்மட் அடித்த மாதிரிதான்.

இந்தத் திரையின் அருமை உலகத்துக்கே ஒரு நாள் புரிந்தது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9.39-க்கு கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான ஃபைல், விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் முடக்கியது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள். இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றேகால் மணி நேரத்தில் நிறுவனம் அந்த ஃபைலை விலக்கிக்கொண்டது. ஆனால் விழுந்த கணினிகள் பலவற்றை எங்கிருந்தோ உட்கார்ந்து எழுப்ப முடியவில்லை. ஒவ்வொன்றின் முன்னும் ஓர் ஆள் உட்கார வேண்டியிருந்தது. மீட்புப் பக்கத்தைத் திறந்து, அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் கிளப்பி, அந்த ஒரே ஃபைலைத் தேடி அழித்துவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்தார்கள். அத்தனை பெரிய முடக்கத்தைத் தீர்க்கவும் ஃபார்மட் தேவைப்படவில்லை என்பதை நம் கடைத் தம்பிகளும் யோசிக்க வேண்டும்.

அன்று பலரைத் தடுத்து நிறுத்தியது இன்னொரு விஷயம்: பிட்லாக்கர். டிஸ்கை யாரும் திருட்டுத்தனமாகப் படிக்காமல் பூட்டிவைக்கும் வசதி அது. மீட்புப் பக்கத்துக்குள் போனால் 48 இலக்க எண்ணைக் கேட்கும். இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்ததும் இந்தப் பூட்டு பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடுகிறது, உரிமையாளருக்கே தெரியாது. எண் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கடையில் யாரோ ஒருவருடைய ஈமெயிலைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்திருந்தால், எண்ணும் அவரிடம்தான் இருக்கும். அது கிடைக்கவில்லை என்றால் எப்பேர்ப்பட்ட வல்லுநராலும் ஃபைல்களை எடுக்க முடியாது. லேப்டாப் வாங்கும்போது இதைச் சொல்லாமல் விடுவது பெரிய தவறு.

கடைக்காரர்களை மட்டும் குறைசொல்லக் கூடாது. விண்டோஸ் போடுவது சீக்கிரம் முடியும் வேலை, நிச்சயமான கூலி. டேட்டாவை எடுப்பது பொறுமையான வேலை. நாமும் அதற்குத் தனியாகக் காசு கொடுக்கத் தயங்குகிறோம். ஆனாலும் கவுன்டரில் நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "தம்பி, பென் டிரைவில் லினக்ஸ் போட்டு பூட் பண்ணி, முதல்ல என் ஃபைலை எடுத்துக் கொடுக்க முடியுமா?" டிஸ்க் நன்றாக இருந்து, பிட்லாக்கர் பூட்டும் இல்லையென்றால், பூட் மெனுவில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தாலே போதும். லினக்ஸ் டிஸ்கில் எதையும் நிறுவாமல் ஓடும். ஃபைல்களை வெளி டிஸ்குக்கு நகலெடுத்துக்கொண்டு, அதன்பின் ஃபார்மட் அடிக்கலாம். எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் அடித்த பிறகு தேடினால் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. பழைய ஹார்டு டிஸ்கில் 'டக், டக்' என்று சத்தம் வந்தால் மட்டும் எதையும் முயலாமல் உடனே அணைத்துவிடுங்கள். அது மெனுவால் தீரும் கோளாறு அல்ல. மழைத் தண்ணீர் புகுந்த கணினியும் அப்படித்தான், பவரே போடக் கூடாது. மிக்ஜாம் புயலில் வெள்ளம் பார்த்த அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெராக்ஸ் கடைகளில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்புகளுக்கு ஒரு வார்த்தை. தேதி பல வருடம் பின்னால் காட்டி, பூட் டிவைஸ் இல்லை என்று சொன்னால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அது தீர்ந்தால் பூட் வரிசையைக் கணினி மறந்துவிடும். கைக்கடிகாரக் கடையில்கூட அந்த பேட்டரி கிடைக்கும்.

2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று அரசு அறிவித்தது. 2026 ஜனவரியில் லேப்டாப்களைக் கொடுக்கத் தொடங்கியது. ஹெச்பி, டெல், ஏசர் என்று மூன்று கம்பெனிகளின் லேப்டாப்கள். ஒரே பெஞ்சில் உட்காரும் மூன்று மாணவர்களுக்கு மூன்று வேறு வழி. ஆகவே உயர்கல்வித் துறைக்கும் எல்காட்டுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு லேப்டாப் பெட்டிக்குள்ளும் தமிழில் ஒரே ஒரு பக்கம் வையுங்கள். இந்த லேப்டாப்புக்கு பூட் மெனு கீ எது, மீட்புப் பக்கத்துக்கு எப்படிப் போவது, 48 இலக்க எண் எங்கே இருக்கிறது என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் செய்தும் காட்டுங்கள்.

அந்தப் பக்கம் வரும்வரை காத்திருக்காதீர்கள். இன்று இரவே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள்.