நிறத்தை நம்பாதே, விரலைப் பார்!

தம்பி தங்கைகளே, திருமழபாடியில் கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு வீட்டுக் கொல்லையை மனசில் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஓரத்தில் முள்வேலி. வேலிக் கம்பின் உச்சியில் ஒரு பிராணி. காலையில் சாம்பலாகத் தெரிந்தது. வெயில் ஏறியதும் தலையும் கழுத்தும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டன. முன்னங்கால்களை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்குகிறது. "டேய், பச்சோந்திடா!" என்று கல்லைத் தேடுகிறீர்களா? வேண்டாம். அது பச்சோந்தியே இல்லை. ஓணான்!

குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. 'ஓந்தி' என்பது ஓணானுக்குப் பழைய பெயர். பச்சை ஓந்திதான் பச்சோந்தி. ஆனால் மலைக்காடுகளில் நிஜமாகவே பச்சையாக ஒரு ஓணான் உண்டு. பச்சோந்தியோ சில நேரம் மஞ்சளாகவும் பழுப்பாகவும் இருக்கும். அதனால் நிறத்தை வைத்து அடையாளம் சொன்னால் ஏமாந்துபோவோம்.

பிறகு எதைப் பார்ப்பது? முதலில் விரலைப் பாருங்கள். ஓணானுக்கு ஐந்து விரல்களும் தனித்தனியாக, நீளமாக, நகத்தோடு விரிந்திருக்கும். பச்சோந்தியின் விரல்கள் இரண்டு கட்டாகச் சேர்ந்திருக்கும், ஒரு கட்டில் இரண்டு, இன்னொன்றில் மூன்று. முன்னங்காலில் உள்பக்கம் மூன்று, பின்னங்காலில் வெளிப்பக்கம் மூன்று. அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் இடுக்கி மாதிரி குச்சியைக் கவ்விப் பிடிக்கும்.

அடுத்து கண். பச்சோந்தியின் கண் கூம்பாகப் புடைத்திருக்கும். இமை முழுவதும் மூடி, நடுவில் சின்னத் துளை மட்டும் தெரியும். ஒரு கண் முன்னால் பார்க்கும்போதே இன்னொரு கண் பின்னால் பார்க்கும். கண்ணுக்குப் பின்னாலும் கவனியுங்கள். ஓணானுக்கு அங்கே வட்டமாகச் செவிப்பறை தெரியும். பச்சோந்திக்கு வெளியே காதே கிடையாது. தலையின் பின்புறம் தலைக்கவசம் போட்டதுபோல் உயர்ந்திருக்கும்.

மூன்றாவது வால். ஓணானின் வால் உடம்பைவிட மிக நீளம், சாட்டை மாதிரி தொங்கும். பச்சோந்தி வாலைச் சுருட்டும், கிளையைச் சுற்றிப் பிடிக்கும். அதற்கு அது ஐந்தாவது கை.

நான்காவது நடை. ஆள் வந்தால் ஓணான் விருட்டென்று ஓடிவிடும். பச்சோந்தி ஓர் அடி வைக்கும், முன்னும் பின்னும் ஆடும், பிறகுதான் அடுத்த அடி. காற்றில் அசையும் இலையென்று நினைத்து நாம் கடந்துபோய்விடுவோம். கொல்லையில் பச்சோந்தி இருந்தும் பலர் பார்க்காததற்கு இதுவே காரணம்.

உலகத்தில் 200-க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. ஏறக்குறைய பாதி மடகாஸ்கர் தீவில் வாழ்கின்றன. இந்தியாவில் இருப்பது ஒரே ஓர் இனம், இந்தியப் பச்சோந்தி. இலங்கையிலும் இதே இனம்தான். வால் நுனிவரை அளந்தால் ஒன்றேகால் அடி வரும். வறண்ட புதர்க்காடும் வேலிமரங்களும் இதற்குப் பிடித்த இடம்.

சரி, நிறம் எப்படி மாறுகிறது? ஒளிந்துகொள்வதற்காக மட்டும் இல்லை. வெயில், குளிர், கோபம், பயம் எல்லாம் நிறத்தை மாற்றும். 2015-இல் ஜெனீவா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றின் தோலை ஆராய்ந்தார்கள். தோலின் செல்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்கள் வரிசையாக நின்றன. திருமழபாடியில் நந்தி கல்யாணத் திருவிழாவன்று கூடும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாமி வரும்போது நெருக்கியடித்து நிற்போம், போனதும் விலகி நிற்போம். படிகங்களும் அப்படித்தான். நெருங்கி நிற்கும்போது நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். தோலில் இருக்கும் மஞ்சளோடு அது சேர்ந்து பச்சையாகத் தெரியும். பச்சோந்திக்கு ஆவேசம் வந்தால் படிகங்கள் விலகும். அப்போது மஞ்சளும் சிவப்பும் தெரியும்.

நாக்கு இன்னோர் அதிசயம். நீட்டினால் உடம்பைவிட நீளம்! நுனியில் இருக்கும் எச்சில் நம் எச்சிலைவிடச் சுமார் 400 மடங்கு கொழகொழப்பானது என்று 2016-இல் கண்டுபிடித்தார்கள். ஒட்டிய வெட்டுக்கிளி தப்ப முடியாது.

பெண் பச்சோந்தி முட்டையிட மரத்தைவிட்டு இறங்கும். மண்ணில் குழி பறித்து 10 முதல் 30 முட்டைகள்வரை இட்டு, மண்ணால் மூடிவிடும். நிலத்தில் அதனால் வேகமாகப் போக முடியாது. வண்டியிலும் நாயிடமும் அகப்படுவது அப்போதுதான். சாலையில் தத்தளிக்கும் ஒன்றைப் பார்த்தால், பெரியவர் ஒருவரை அழைத்து, நீளமான குச்சியை அதன் முன்னால் நீட்டச் சொல்லுங்கள். தானே ஏறிக்கொள்ளும். அது போய்க்கொண்டிருந்த பக்கத்துப் புதரில் விட்டால் போதும். வீட்டில் வைத்து வளர்க்கக்கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைக் காக்கிறது.

பச்சோந்திக்கு விஷம் இல்லை. ஓணான் ரத்தம் உறிஞ்சும் என்று சொல்வார்கள், அதுவும் பொய். அதன் தலையிலும் கழுத்திலும் தெரியும் சிவப்பு, இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானுக்கு ஏறும் நிறம். இரண்டுமே நம் கொல்லைப் பூச்சிகளைத் தின்கிற பிராணிகள். ராமருக்கு அணில் நல்லது செய்தது, ஓணான் கெட்டது செய்தது என்று கதை சொல்லி ஓணானைக் கல்லால் அடிக்கிறோமே, அந்தப் பழியை இந்தத் தலைமுறையோடு நிறுத்திவிடுவோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு வேலியோரம் பத்தடி தள்ளி உட்காருங்கள். விரல், கண், வால், நடை என்று நான்கு கட்டம் போட்டுப் பார்த்ததை எழுதுங்கள். நிறத்தைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். எழுதி முடிப்பதற்குள் அது மாறியிருந்தாலும் மாறியிருக்கும்!