சரயேவோவில் மூன்று நாட்கள்

"ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க எங்களுக்கு எங்கே வசதி?" என்று நினைக்காத குடும்பப் பெண் யார்? இங்கிலாந்தில் குடியிருந்தும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். திருமணமாகி இருபது வருடங்களில் நானும் கணவரும் தனியாக எங்கும் போனதில்லை. 2023 மே மாதம் பிள்ளைகளை என் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு மூன்று நாட்களுக்குப் புறப்பட்டோம்.

ஊரைத் தெரிவு செய்தவர் அவர். நான் பாரிஸ் என்றேன், ரோம் என்றேன். அவர் சரயேவோ என்றார். பொஸ்னியாவின் தலைநகரம். தொண்ணூறுகளில் வானொலிச் செய்தியில் அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். "மலிவான ஊர், பள்ளிவாசல் இருக்கு, ஹலால் சாப்பாடு இருக்கு" என்று காரணம் சொன்னார். உண்மையான காரணம் வேறு என்பது மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது.

செலவுத் திட்டம்

மலிவு விமானத்தில் கைப்பையோடு மட்டும் போனோம். பழைய நகரத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில், ஒரு வீட்டின் மேல்மாடியில் சிறிய சமையலறையோடு ஓர் அறை எடுத்தோம். அங்குள்ள நாணயம் மார்க். ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ இரண்டு மார்க் என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். கணக்குப் பார்ப்பது சுலபம். அறை வாடகை போக, நாளொன்றுக்கு இருவருக்கும் 60 மார்க் என்று அவர் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்.

அந்தக் குறிப்புப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கே போனாலும் அது அவருடைய சட்டைப் பையில் இருக்கும். பஸ் கட்டணம் முதல் பாண் விலை வரை ஒன்று விடாமல் எழுதுவார். "நாங்க சந்தோஷமா இருக்கத்தானே வந்த? இங்கயும் எழுதணுமா?" என்று முதல் நாளே நான் குறைப்பட்டேன். அவர் சிரித்துவிட்டு எழுதினார்.

காசில்லாமல் கிடைத்தவை

பழைய நகரத்தின் நடுவே பஷ்சார்ஷியா என்ற கடைவீதி. அதன் சதுக்கத்தில் செபீல் என்னும் மரக் கூண்டு போன்ற நீரூற்று இருக்கிறது. மலையிலிருந்து வரும் குளிர்ந்த நீர், யாரும் குடிக்கலாம். ஊரெங்கும் இப்படிக் குழாய்கள் இருப்பதால் மூன்று நாளும் போத்தல் தண்ணீர் வாங்கவில்லை.

சில நிமிட நடையில் காஸி ஹுஸ்ரவ் பே பள்ளிவாசல். 1531இல் கட்டப்பட்டது. ஹுஸ்ரவ் பே உஸ்மானிய ஆளுநர். அவருடைய தாயார் ஸல்ஜூகா, சுல்தான் இரண்டாம் பாயஸீதின் மகள். பள்ளிவாசலோடு மத்ரஸா, பயணிகள் தங்குமிடம், ஏழைகளுக்கு உணவளிக்கும் சமையற்கூடம் எல்லாவற்றையும் கட்டி, அவற்றை நடத்த கடைகளையும் சொத்துக்களையும் வக்ஃபு செய்தார். தாயின் நினைவாகவும் பெயர் பெற்ற அந்த மத்ரஸா 1537இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. கட்டடச் செலவு போக மிஞ்சும் பணத்தில் நல்ல நூல்கள் வாங்க வேண்டும் என்று வக்ஃபுப் பத்திரத்தில் எழுதிவைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அங்குள்ள புகழ்பெற்ற நூலகம். போர்க்காலத்தில் அதன் கையெழுத்துப் பிரதிகளைப் பலமுறை இடம் மாற்றிக் காப்பாற்றினார்கள்.

மிஞ்சும் காசுக்கும் ஒரு வழி எழுதிவைத்த அந்த மனிதரை நினைத்தபோது, என் கணவரின் குறிப்புப் புத்தகத்தின் மீதிருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

சுற்றிப் பார்க்க வருவோர் பள்ளிவாசலுக்குச் சீட்டு எடுக்க வேண்டும். தொழ வருவோருக்குக் கட்டணமில்லை. முற்றத்து நீர்த்தடாகத்தில் வுழூச் செய்து அஸர் தொழுதோம். பக்கத்திலுள்ள மணிக்கூண்டு வேறெங்கும் காணாத ஒரு புதுமை. சூரியன் மறையும் நேரம் அதில் பன்னிரண்டு மணி! சூரியன் மறையும் வேளை நாளுக்கு நாள் மாறுவதால், அதற்கேற்ப முட்களைத் திருத்துவதற்கென்றே ஒருவர் இருக்கிறார். அன்று மஃரிபுக்கு பாங்கு சொல்லும்போது நிமிர்ந்து பார்த்தேன். முட்கள் பன்னிரண்டில் நின்றன.

இந்தப் பள்ளிவாசலிலிருந்து சற்று நடந்தால் 1581ஆம் ஆண்டின் யூத ஆலயம், பழைய ஓர்தடொக்ஸ் தேவாலயம், கத்தோலிக்கப் பேராலயம் மூன்றையும் பார்த்துவிடலாம். ஆற்றங்கரையில் லத்தீன் பாலம். 1914 ஜூன் 28ஆம் திகதி ஒஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினாண்ட் அதன் அருகேதான் சுடப்பட்டார். முதலாம் உலகப் போருக்கு வித்திட்ட சம்பவம் அது.

சாப்பாடு

கையிலே காசு குறைவென்றால் பேக்கரிக் கடைதான் நல்லது. மெல்லிய மாவுத் தாளில் இறைச்சி வைத்துச் சுருட்டிச் சுடுவது புரெக். கீரை, பாற்கட்டி, உருளைக்கிழங்கு வைத்ததும் உண்டு. நிறுத்துத் தருவார்கள், வேண்டிய அளவு கேட்கலாம். சிறு விரலளவு இறைச்சித் துண்டுகளைத் தணலில் சுட்டு, தட்டை ரொட்டிக்குள் வெங்காயத்தோடு தருவது செவாப்பி. பத்துத் துண்டுத் தட்டு ஒன்றை வாங்கி இருவரும் பகிர்ந்தோம். கோழியும் வெண்டிக்காயும் போட்ட 'பேயின் சூப்' என் நாக்குக்கு மிகவும் பிடித்தது. பழைய நகரத்தில் ஹலால் உணவு தாராளம். நகரின் மற்றப் பகுதிகளில் பன்றி இறைச்சியும் விற்கப்படுவதால் கேட்டுச் சாப்பிடுவதே நல்லது.

கம்பி ரயிலா, சுரங்கமா?

மூன்றாம் நாள் ஒரு சிக்கல். 2018இல் மீண்டும் திறக்கப்பட்ட கம்பி ரயிலில் திரெபேவிச் மலைக்குப் போக எனக்கு ஆசை. அவருக்குப் போர்க்காலச் சுரங்கத்தைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சீட்டு எடுத்தால் அன்றைய 60 மார்க் போதாது. "சுரங்கத்துக்குப் போவோம். மலைக்குப் பதிலா உங்கள மஞ்சள் கோட்டைக்கு நடத்திக் கூட்டிட்டுப் போறேன், அது சும்மா" என்றார். எனக்கு முகம் சுருங்கியது, ஆனாலும் போனேன்.

ட்ராம் வண்டியில் இலிஜா வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் போனோம். ட்ராம் போகும் அந்த நெடுஞ்சாலையில்தான் மறைந்திருந்து சுடுபவர்களுக்குப் பயந்து மக்கள் ஓடினார்கள். 1992 ஏப்ரல் முதல் 1996 பெப்ரவரி வரை, 1,425 நாட்கள் இந்த நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தது. 2012இல் பிரதான வீதியில் 11,541 சிவப்பு நாற்காலிகளை வெறுமையாக வைத்து இறந்தவர்களை நினைவுகூர்ந்தார்கள்.

1993இல் விமான நிலைய ஓடுபாதைக்கு அடியில் சுமார் 800 மீற்றர் நீளத்துக்குச் சுரங்கம் தோண்டினார்கள். ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு அடியில்தான் அதன் வாயில். உணவும் மருந்தும் அதன் வழியே வந்தன. காயப்பட்டவர்கள் வெளியே போனார்கள். இப்போது சிறு பகுதியில் மட்டும் நடந்து பார்க்கலாம். குனிந்துதான் போக வேண்டும்.

வெளியே வந்து என் கணவர் வாங்கில் உட்கார்ந்துவிட்டார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "யாழ்ப்பாணத்திலிருந்து வரேக்க எனக்குப் பதினொரு வயசு. உம்மா ஒரு சின்னப் பையோட எங்க அஞ்சு பேரையும் கூட்டிக்கொண்டு நடந்தா. கையில இருந்த காசையும் வாங்கிட்டாங்க. புத்தளம் போய்ச் சேருமட்டும் எங்களுக்கு என்ன வாங்கித் தந்தா, எப்படித் தந்தா எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது."

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை நான் அறிவேன். மாமி பட்ட பாட்டையும் கேட்டிருக்கிறேன். ஆனால் கண்டிப் பக்கம் பிறந்த எனக்கு அவர் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. ஒவ்வொரு சதத்தையும் ஏன் எழுதுகிறார் என்று இருபது வருடங்களாக எரிச்சல்பட்டவள், அந்த வாங்கில்தான் விளங்கிக்கொண்டேன்.

மாலையில் மையவாடியைக் கடந்து மஞ்சள் கோட்டைக்கு ஏறினோம். சரிவெங்கும் வெள்ளைக் கற்கள்; 1992, 1993, 1994 என்று மௌத்தான ஆண்டுகள். மேலிருந்து முழு நகரமும் தெரிந்தது. கம்பி ரயிலைப் பற்றி எனக்கு நினைவே வரவில்லை.

போக விரும்புவோருக்கு

• இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா தேவை. முன்கூட்டியே விசாரியுங்கள்.
• வீதிகள் செங்குத்தானவை; நல்ல சப்பாத்து அவசியம்.
• மலைப் பகுதிகளில் வழமையான பாதையை விட்டு விலக வேண்டாம். போர்க்காலக் கண்ணிவெடிகள் இன்னும் முற்றாக அகற்றப்படவில்லை.
• சில்லறைக் காசு கையில் இருக்கட்டும்.

கடைசியில் 23 மார்க் மிஞ்சியது. செம்புப் பாத்திரம் அடிப்பவர்களின் தெருவில் ஒரு சிறிய கோப்பிச் செம்பு வாங்கினோம். அதையும் அவர் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்: "உம்மாவுக்கு." இம்முறை நான் ஒன்றும் சொல்லவில்லை.

சகோதரிகளே, தூரமோ கிட்டவோ, ஒரு தடவையாவது கணவனும் மனைவியுமாகப் பயணம் போய் வாருங்கள். வீட்டில் இருபது வருடம் பேசாத ஒரு பேச்சு, வழியில் ஒரு வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது வரக்கூடும்.