உங்களுக்குத் தெரியுமா? டிஸ்க்கைப் பார்த்துத்தான் பேட் வாங்க வேண்டும்!

சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக் பேட் வாங்கும் முன் சக்கரத்து டிஸ்க்கை உற்றுப் பாருங்கள். ஷிமானோ நிறுவனத்தின் விலை குறைந்த டிஸ்க்குகள் சிலவற்றில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று பொடி எழுத்தில் பொறித்திருக்கும். அதில் உலோகப் பேட் போட்டால் டிஸ்க்கே சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பிசினில் இழைகளைக் கலந்து செய்யும் ரெசின் பேட் சத்தமில்லாமல், தொட்டவுடன் பிடிக்கும். ஊருக்குள் ஓட்ட இதுவே போதும். ஆனால் மழையிலும் சேற்றிலும் மளமளவென்று கரையும். உலோகத் தூளை அழுத்திச் சூடேற்றிச் செய்யும் சின்டர்டு பேட் நீண்ட நாள் உழைக்கும், சூட்டையும் தாங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குபவர்களுக்கு, டிஸ்க் அதற்கு ஏற்றதாக இருந்தால், நான் இதைத்தான் சொல்வேன். நனைந்தால் கிறீச்சிடும், அவ்வளவுதான்.

எதை வாங்கினாலும், மாட்டியவுடன் மலை இறங்காதீர்கள். ஆளில்லாத சமதளத்தில் வேகமெடுத்து, சக்கரம் இறுகி நின்றுவிடாமல், நடை வேகத்துக்குக் குறையுங்கள். 20 முறையாவது இப்படிச் செய்யுங்கள். பேட்டின் பொருள் டிஸ்க்கில் மெல்லிய படலமாகப் படிந்த பிறகுதான் பிரேக் முழுசாகப் பிடிக்கும். செயினுக்கு எண்ணெய் ஸ்பிரே அடிக்கும்போது டிஸ்க்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். எண்ணெய் குடித்த பேட்டைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.