1,20,000 டாலர் விளையாட்டுச் சாமான்

1961-இன் பிற்பகுதியில் எம்.ஐ.டி.யின் மின்பொறியியல் துறைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. (எம்.ஐ.டி. என்றதும் குரோம்பேட்டை ஞாபகம் வருபவர்களுக்கு: இது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்.) பெயர் பிடிபி-1. விலை 1,20,000 டாலர். தயாரித்த டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம், சுருக்கமாக டெக், அதை நன்கொடையாகவே கொடுத்துவிட்டது. பல அலமாரிகளை வரிசையாக நிறுத்தியது போன்ற உருவம். நொடிக்கு ஒரு லட்சம் கூட்டல் போடும். நினைவகமோ 18 பிட் கொண்ட 4,096 சொற்கள்தான், அதாவது சுமார் 9 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம்கூட அதற்குள் அடங்காது.

ஆனால் அதோடு ஒரு வட்டத் திரையும் வந்தது. 16 அங்குலக் குழாய். ஒரு புள்ளியை எழுதினால் முதலில் நீலமாகப் பளிச்சிடும், பிறகு மஞ்சள் கலந்த பச்சையாக மெல்ல மங்கும். ஸ்விட்சைத் தட்டினால் அந்த நொடியே திரையில் பதில் தெரியும். இதில் என்ன அதிசயம் என்று இன்று தோன்றலாம். ஆனால் அதே வளாகத்தில் இருந்த ஐபிஎம் 704-ஐ ஒரு மாணவன் கிட்டே போய்த் தொட முடியாது. நிரலைத் துளையட்டைகளில் குத்தி, கட்டாகக் கட்டி, பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். அச்சிட்ட தாள் கைக்கு வர மணிக்கணக்கில் ஆகும், சில சமயம் மறுநாள் ஆகிவிடும். எங்கோ ஓர் எழுத்து பிசகியிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து வரிசை.

பிடிபி-1-இன் முன்னால் முதலில் போய் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பொம்மை ரயில் ஓட்டுபவர்கள். எம்.ஐ.டி.யில் 1946 முதல் இயங்கிவந்த டெக் மாடல் ரெயில்ரோட் கிளப்பின் (இந்த டெக் அந்த நிறுவனம் அல்ல) உறுப்பினர்கள். போர்க்காலத்தில் அவசரமாக மரத்தால் எழுப்பிய 20-ஆம் எண் கட்டடத்தில் கிளப்பின் அறை. மேலே பார்த்தால் குட்டி மலைகள், ஸ்டேஷன்கள், எஞ்சின்கள். அடியில் குனிந்து பார்த்தால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளிலிருந்து வந்த ரிலேக்களும் கட்டுக் கட்டாகக் கம்பிகளும். ரயிலைவிட அந்த அடித்தளத்தின் மேல்தான் சிலருக்குப் பித்து. 1958-இல் டிஎக்ஸ்-0 என்ற டிரான்சிஸ்டர் கணினி வளாகத்துக்கு வந்ததும் இந்தக் கூட்டம் அதன் பக்கம் சாய்ந்தது. பகலில் ஆராய்ச்சியாளர்கள் முன்பதிவு செய்திருப்பார்கள் என்பதால் இரவெல்லாம் அங்கேயே கிடப்பார்கள். ஹேக்கர் என்ற பட்டத்தைப் பெருமையோடு சூடிக்கொண்ட முதல் தலைமுறை இதுதான்.

பிடிபி-1 வருவதற்கு முன்பே, அது வந்தால் என்ன செய்யலாம் என்று மூன்று இளைஞர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்டீவ் ரஸ்ஸல், மார்ட்டின் கிரேட்ஸ், வெய்ன் வீட்டனன். கேம்பிரிட்ஜ் நகரின் ஹிங்காம் தெருவில் இருந்த வாடகை வீட்டுக்கு இவர்கள் கேலியாக வைத்த பெயர் ஹிங்காம் இன்ஸ்டிட்யூட். அங்கே ஒரு 'விண்வெளிப் போர் ஆய்வுக் குழு'வும் உண்டு! ஈ.ஈ. ஸ்மித் எழுதிய லென்ஸ்மேன் நாவல்களும் ஜப்பானிய அறிவியல் புனைகதைப் படங்களும்தான் குழுவின் பாடத்திட்டம்.

விளையாட்டுப் பிள்ளைகளின் அரட்டைதான். இருந்தாலும் அதிலிருந்து அவர்கள் எடுத்த மூன்று முடிவுகள் நல்ல பொறியியல் முடிவுகள். புதிய புரோகிராம் கணினியின் திறன் அத்தனையையும் அதன் எல்லைவரை இழுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு மாதிரி நடக்க வேண்டும். பார்க்க வந்தவரைச் சும்மா நிற்க விடாமல் உள்ளே இழுத்துப் போட வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்து யோசித்தால் விளையாட்டைத் தவிர வேறு என்ன கிடைக்கும்?

எழுதும் வேலை ரஸ்ஸலின் தலையில் விழுந்தது. லிஸ்ப் என்ற நிரல்மொழிக்கு முதல் இன்டர்பிரெட்டரை எழுதியவர் அவர். லிஸ்பை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி தாளில் மட்டுமே இருக்கும் கோட்பாடு என்று நினைத்திருந்ததை இயந்திரத்தில் ஓட்டிக் காட்டியவர். திறமையில் குறைவில்லை, உட்கார்ந்து வேலையைத் தொடங்குவதில்தான் சிக்கல். நண்பர்கள் நச்சரிக்க நச்சரிக்க அவர் ஒரு சாக்குக் கண்டுபிடித்தார்: சைன், கொசைன் கணக்கிடும் துணைநிரல் தன்னிடம் இல்லை. பொய்யான சாக்கு அல்ல. விண்கலம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ அந்தத் திசையில் எஞ்சின் தள்ளும். அந்த விசையைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் பிரித்தால்தான் திரையில் கலத்தை நகர்த்த முடியும். அதற்கு முக்கோணவியல் வேண்டும்.

ஆலன் கோட்டோக் என்ற மாணவர் இதைக் கேட்டுக்கொண்டு மேனார்டு ஊருக்குப் போனார். அங்கே ஒரு பழைய கம்பளி ஆலையில்தான் டெக் நிறுவனம் இயங்கியது. அவர்களிடம் அந்த நிரல் தயாராக இருந்தது. காகித நாடாவை வாங்கிவந்து ரஸ்ஸலின் முன்னால் வைத்து, இனி என்ன சாக்கு என்று கேட்டார். ரஸ்ஸலுக்கு வேறு வழியில்லை.

1962-இன் தொடக்க மாதங்களில் திரையில் இரண்டு கலங்கள் சண்டையிட்டன. ஒன்று ஊசி போல ஒல்லி, மற்றொன்று ஆப்பு போலத் தடிமன். ஸ்பேஸ்வார் பிறந்துவிட்டது. வெற்றிடத்தில் உராய்வு கிடையாது என்பதால் ஒருமுறை வேகமெடுத்த கலம் தானாக நிற்காது. நிறுத்த வேண்டுமானால் கலத்தை நேரெதிராகத் திருப்பி எஞ்சினை இயக்க வேண்டும். நியூட்டனின் முதல் விதி விரல் நுனியில் உறைக்கிற இடம் அது.

அதன்பின் ஆளாளுக்குக் கைவைத்தார்கள். வெறும் கறுப்புத் திரையில் கலம் நகர்கிறதா நிற்கிறதா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை என்பதால் பின்னணியில் கண்டபடி சில புள்ளிகளைத் தூவியிருந்தார் ரஸ்ஸல். பீட்டர் சாம்சனுக்கு அது பொறுக்கவில்லை. மாலுமிகள் பயன்படுத்தும் வானியல் பஞ்சாங்கத்தைப் புரட்டி, வான நடுக்கோட்டின் இருபுறமும் 22½ பாகைவரை இருக்கும் நிஜ நட்சத்திரங்களை அவற்றின் பிரகாச வேறுபாட்டோடு நிரலில் ஏற்றினார். வானம் மெதுவாக நகரவும் செய்தது. நிரலுக்கு அவர் வைத்த பெயர் 'விலையுயர்ந்த கோளரங்கம்'. அதே இயந்திரத்தில் ஏற்கெனவே 'விலையுயர்ந்த தட்டச்சு' என்று ஒரு நிரல் உண்டு. லட்சம் டாலர் சாமானை வைத்துக்கொண்டு அற்ப வேலை செய்கிறோம் என்ற உணர்வு அவர்களுக்கே இருந்திருக்கிறது.

டான் எட்வர்ட்ஸ் கொண்டுவந்த மாற்றம் இன்னும் பெரியது. திரையின் நடுவே ஒரு சூரியனை வைத்து ஈர்ப்பு விசையைச் சேர்க்க விரும்பினார். ஈர்ப்புக் கணக்கைப் போட்டால் கலங்களை வரைய நேரம் போதாது, படம் துடிக்கும். கலத்தின் வடிவத்தை ஒவ்வொரு முறையும் அட்டவணையைப் பார்த்து வரைவதால்தான் நேரம் போகிறது என்று கண்டுகொண்டார். ஆட்டம் தொடங்கும்போதே அந்த வடிவத்தை நேரடி இயந்திரக் கட்டளைகளாக மாற்றி வைத்துக்கொள்ளும்படி திருத்தினார். மிச்சமான மைக்ரோ நொடிகளில் சூரியன் உள்ளே வந்து உட்கார்ந்தது. ஆனால் ஏவுகணைகளையும் ஈர்ப்புக்குள் கொண்டுவர நேரம் மிஞ்சவில்லை. அதனால் அவை சூரியனுக்குப் பக்கத்தில்கூட நேர்கோட்டில் பறந்தன. அவை ஒளித்துகள் ஏவுகணைகள், அவற்றுக்கு நிறை கிடையாது என்று விளக்கம் சொல்லிச் சமாளித்தார்கள்.

கிரேட்ஸ் சேர்த்தது 'ஹைப்பர்ஸ்பேஸ்' என்ற அவசர வழி. சாகப்போகிற நேரத்தில் கலம் மாயமாகி வேறெங்கோ முளைக்கும். அடிக்கடி பயன்படுத்தினால் வெடித்துச் சிதறும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும்.

ஆட்டம் நன்றாக இருந்தது, ஆடும் வசதிதான் மோசம். கணினியின் முகப்பிலிருந்த குட்டி ஸ்விட்சுகளை ஆளுக்கு நாலாகப் பிரித்துக்கொண்டு குனிந்து தட்ட வேண்டும். கொஞ்ச நேரத்தில் முழங்கை வலி எடுக்கும். போதாததற்குத் திரை ஒரு பக்கமாக இருந்ததால் ஒருவருக்கு நன்றாகத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. கோட்டோக்கும் பாப் சாண்டர்ஸும் ரயில் கிளப்பில் கிடைத்த மரத்துண்டு, பேக்லைட், ஸ்விட்ச் எல்லாவற்றையும் பொறுக்கி இரண்டு கைப்பெட்டிகள் செய்தார்கள். கலத்தைத் திருப்ப ஒரு லீவர், எஞ்சினுக்கும் ஹைப்பர்ஸ்பேஸுக்கும் ஒரு லீவர், சுட ஒரு பொத்தான். அந்தப் பொத்தானை மட்டும் சத்தம் வராதபடி அமைத்தார்கள். 'டிக்' என்று கேட்டால் எதிராளி உஷாராகிவிடுவானே. இன்று கடையில் வாங்கும் கேம் கன்ட்ரோலர்களின் கொள்ளுப்பாட்டன் என்று இவற்றைத் தாராளமாகச் சொல்லலாம்.

1962 மே மாதம் எம்.ஐ.டி. பொதுமக்களுக்குக் கதவு திறந்த நாளில் கூட்டம் மொய்த்தது. பிறகு காகித நாடாவின் பிரதிகள் பிடிபி-1 இருந்த இடங்களுக்கெல்லாம் போயின. பிடிபி-1-இல் மொத்தமே ஐம்பது சொச்சம் இயந்திரங்கள்தான் தயாராயின. டெக் நிறுவனத்துக்கும் இந்த நிரல் வசதியாகப் போயிற்று. நினைவகம், கணக்கிடும் பகுதி, திரை, ஸ்விட்சுகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாட்டி எடுக்கும் பரிசோதனை நிரலாக அதைப் பயன்படுத்தினார்கள். அந்தக் காலத்துக் காந்த வளைய நினைவகத்தில், மின்சாரத்தைத் துண்டித்தாலும் உள்ளே எழுதியது அழியாது. அதனால் நிரலை ஏற்றியபடியே இயந்திரத்தை அனுப்பிவிடுவார்கள். வாடிக்கையாளர் இடத்தில் இறக்கி ஸ்விட்சைப் போட்டதும் ஸ்பேஸ்வார் ஓடினால் எல்லாம் சரி என்று பொருள். ஹிங்காம் தெருவில் எடுத்த முதல் முடிவுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எங்கே கிடைக்கும்?

முதல் வீடியோ கேம் எது என்ற பஞ்சாயத்து இன்னும் ஓயவில்லை. 1958-இலேயே புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் வில்லியம் ஹிகின்பாதம் அலைகாட்டித் திரையில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றை அமைத்துப் பார்வையாளர்களை வரிசையில் நிற்க வைத்தார். அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் அவர். இந்த இரண்டில் தேதியை மட்டும் பார்த்தால் அவருக்குத்தான் மாலை. ஆனால் அவருடைய ஆட்டம் அந்த ஆய்வகத்தோடு முடிந்துவிட்டது. ஸ்பேஸ்வார் ஊர் ஊராகப் போனது, போன இடத்திலெல்லாம் யாராவது அதைத் திருத்தினார்கள். வரலாற்றை நகர்த்தியது அதுதான்.

இதில் ரஸ்ஸல் குழுவுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. 1,20,000 டாலர் இயந்திரம் இருந்தால்தான் ஆட முடியும் என்ற பொருளை யாரிடம் விற்பது? காசு பிறகு வேறு கைகளுக்குப் போனது. 1971-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் சங்கக் கட்டடத்தில் பில் பிட்ஸும் ஹியூ டக்கும் ஒரு பிடிபி-11 கணினியை வைத்து, ஆட்டத்துக்கு 10 சென்ட் வீதம் ஸ்பேஸ்வாரையே 'கேலக்ஸி கேம்' என்ற பெயரில் நடத்தினார்கள். பத்து சென்ட் பத்து சென்டாகச் சேர்த்து முதலை எடுப்பது நடக்கிற காரியமா? அதே ஆண்டு நோலன் புஷ்னலும் டெட் டாப்னியும் கணினியையே தூக்கிவிட்டு, வெறும் லாஜிக் சுற்றுகளால் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' செய்தார்கள். மதுக்கடைக்கு வந்தவர்களுக்கு நியூட்டன் விதி பிடிபடவில்லை. 1972-இல் அவர்களே தொடங்கிய அடாரி நிறுவனம் ஒரு பந்து, இரண்டு மட்டை என்று எளிமையாக்கி 'பாங்' ஆட்டத்தை ஒரு மதுக்கடையில் வைத்துப் பார்த்தது. சில நாளில் இயந்திரம் நின்றுபோனது. திறந்து பார்த்தால் உள்ளே காசு நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது!

ரஸ்ஸல் 1968 வாக்கில் சியாட்டிலில் ஒரு கணினி மையத்தில் வேலை பார்த்தார். பள்ளி விட்டதும் அங்கே வந்து, கணினி நேரம் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பிழைகளைத் தேடிக் கொடுத்த பையன்களில் இருவர் பில் கேட்ஸ், பால் ஆலன்.

விளையாட்டின் பேரில் நடந்த இன்னொரு காரியத்துக்கு எடை இன்னும் அதிகம். 1969-இல் பெல் ஆய்வகம் மல்டிக்ஸ் என்ற பிரம்மாண்ட இயங்குதளத் திட்டத்திலிருந்து விலகியது. அதில் வேலை செய்துகொண்டிருந்த கென் தாம்சன், சூரியக் குடும்பத்தில் கலம் ஓட்டிக் கோள்களில் இறங்கும் 'ஸ்பேஸ் டிராவல்' என்ற ஆட்டத்தை எழுதியிருந்தார். பெரிய கணினியில் அதை ஒருமுறை ஆடினால் சுமார் 75 டாலர் கணினி நேரம் கரைந்தது, படமும் விட்டு விட்டு நகர்ந்தது. ஆய்வகத்தின் ஒரு மூலையில் அதிகம் யாரும் சீண்டாத பிடிபி-7 ஒன்று கிடந்தது. அதற்கு நல்ல திரை இருந்தது. தாம்சனும் சக ஊழியர் டென்னிஸ் ரிட்சியும் ஆட்டத்தை அதற்கு மாற்றி எழுத உட்கார்ந்தார்கள்.

நிரலைப் பெரிய கணினியில் தயாரித்து, காகித நாடாவில் எடுத்து, கையில் சுமந்து வந்து பிடிபி-7-இல் ஏற்ற வேண்டும். நாளுக்கு எத்தனை நடை நடப்பது? இந்தச் சின்ன இயந்திரத்திலேயே எல்லா வேலையும் நடந்தால் என்ன என்ற எண்ணம் வலுத்தது. முன்பே கரும்பலகையில் வரைந்து வைத்திருந்த கோப்பு முறைக்கு உயிர் வந்தது. அந்தக் கோடையில் தாம்சனின் மனைவி குழந்தையோடு சில வாரம் வெளியூர் போயிருந்தார். தாம்சன் ஒரு வாரம் எடிட்டர், ஒரு வாரம் அசெம்பிளர், ஒரு வாரம் கட்டளைகளை வாங்கும் ஷெல் என்று எழுதி முடித்தார். யூனிக்ஸ் இயங்குதளம் இப்படித்தான் எழுந்து நின்றது. ஆண்ட்ராய்டு போன்களுக்குள் இருக்கும் லினக்ஸ் கெர்னல் அதைப் பார்த்து எழுதியது, ஐபோனின் இயங்குதளம் அதன் நேர் வாரிசு வழியில் வந்தது.

இத்தனை நடந்தும் புதுக் கணினி வாங்கித் தர மேலிடம் தயங்கியது. மல்டிக்ஸில் கைசுட்டுக்கொண்டவர்களிடம் மறுபடியும் இயங்குதளம் என்றால் யார் கேட்பார்கள்? அதனால் ஆவணங்களைத் திருத்தி வடிவமைக்கும் அமைப்பு ஒன்றைச் செய்து தருகிறோம் என்று விண்ணப்பம் போட்டார்கள். பிடிபி-11 வந்தது. 1971-இல் ஆய்வகத்தின் காப்புரிமைத் துறையிலிருந்து தட்டச்சர்கள் வந்து அதில் விண்ணப்பங்களை அடிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் அடித்துக்கொண்டிருந்த அதே இயந்திரத்தில்தான் தாம்சன் கூட்டம் புதுப் புரோகிராம்களையும் சோதித்தது. ஒரு நிரல் மற்றொன்றின் நினைவகத்தில் போய் விழாமல் தடுக்கும் பாதுகாப்பு அதில் கிடையாது. பிசகினால் மொத்தமும் படுத்துவிடும். வட்டோ அரை மெகாபைட்தான். சில மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டச்சர்கள் அடித்ததையெல்லாம் நாடாவுக்கு மாற்றி இடம் பிடித்துக்கொண்டுதான் வேலை ஓடியது.