காபி அரைக்கும் துப்பாக்கி

துப்பாக்கியின் பின்கட்டைக்குள் காபிக்கொட்டை அரைக்கும் மில். பக்கத்தில் சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. இந்தப் படத்தை முதல்முறை பார்த்தபோது நான் அப்படியே நம்பிட்டேன். ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில், "அமெரிக்க உள்நாட்டுப் போர்ல கம்பெனிக்கு ஒண்ணுன்னு இதைக் கொடுத்தாங்க, தெரியுமா?" என்று அடிச்சும் விட்டேன் (இங்கே கம்பெனி என்றால் சுமார் நூறு சிப்பாய்கள் கொண்ட அணி). அந்தக் கதைக்கு ஆதாரம் தேடப் போய்த்தான் பழைய கார்பைன் சேகரிப்பவர்களின் உலகத்தில் மாட்டிக்கொண்டேன்.

முதலில் துப்பாக்கி. கார்பைன் என்பது குதிரைப்படைக்கான குட்டைத் துப்பாக்கி. நீளக் குழலில் வாய்வழியாக மருந்தைப் போட்டு, கம்பியால் குத்தி இறுக்குவதை ஓடும் குதிரை மேல் உட்கார்ந்து செய்து பாருங்கள், புரியும். இதற்கு கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் 1848-ல் காப்புரிமை வாங்கிய வழி ரொம்ப எளிமையானது. விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளினால் குழலின் பின்வாயை அடைத்திருக்கும் இரும்புக்கட்டி இறங்கும். காகிதத்திலோ துணியிலோ சுற்றிய தோட்டாவை உள்ளே செருகி வளையத்தை மேலே இழுத்தால், ஏறுகிற கட்டியின் கூரான விளிம்பு தோட்டாவின் வாலை நறுக்கிவிடும். மருந்து வெளியே தெரியும், பொறி பட்டதும் வெடிக்கும். இதில் நிமிடத்துக்கு எட்டு, பத்து முறை சுடலாம்; வாய்வழி நிரப்பும் துப்பாக்கியில் மூன்று முறை சுட்டாலே பெரிய விஷயம்.

போர்க்காலத்தில் அமெரிக்க அரசு ஏறத்தாழ 80,000 ஷார்ப்ஸ் கார்பைன்களை வாங்கியது. அதனால் வெறும் ஷார்ப்ஸ் என்பது அரிய பொருள் இல்லை. மாற்றப்படாத ஷார்ப்ஸ்தான் அரிது. போர் முடிந்து உலோகத் தோட்டா வந்ததும், 1867-க்குப் பிறகு சுமார் 30,000 கார்பைன்களைப் புதுத் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றிவிட்டார்கள். காகிதத் தோட்டா காலத்து உடம்போடு தப்பித்தவற்றுக்குச் சேகரிப்பவர்களிடம் தனி மரியாதை. பின்கட்டையில் ஆய்வாளர் குத்திய எழுத்து முத்திரை தெளிவாக இருந்தால் இன்னும் மதிப்பு. யாராவது பளபளப்புக்காக உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் போச்சு.

என் தொழில் புத்திக்குப் பிடித்தது அதன் வரிசை எண். 1863-வாக்கில் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியபோது, ஆறு இலக்கம் அடிப்பதற்குப் பதில் முன்னால் 'சி' என்ற எழுத்தைப் போட்டார்கள். ரோமன் எண்ணில் சி என்றால் நூறு. அதாவது 'சி 12345' என்றால் 1,12,345. நாமெல்லாம் 1999-ல் ரெண்டு இலக்க வருஷத்தோடு மல்லுக்கட்டினோமே, அதுக்கு அண்ணன் இது!

இந்த எண் வெறும் அலங்காரம் இல்லை. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள பழைய ராணுவத் தாள்களைத் தோண்டி, எந்த எண் எந்த ரெஜிமெண்ட்டில் இருந்தது என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். எல்லா எண்ணும் கிடைக்காது. கிடைத்துவிட்டால் அதே இரும்புக்கு விலை எகிறும். எகிறும் என்பதாலேயே எண்ணைச் சுரண்டி மாற்றுகிற ஆட்களும் உண்டு.

இப்போ காபி மில். மிசௌரி குதிரைப்படை அதிகாரி வால்டர் கிங் என்பவர் பெயர் இதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. மாசசூசெட்ஸ் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. ஆக, பொருள் கற்பனை இல்லை. ஆனால் நம்பத்தகுந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். கம்பெனிக்கு ஒன்று கொடுத்ததற்கு ஆவணச் சான்று இல்லை. இன்னொரு வேடிக்கை, அந்த மில்லில் காபி சரியாக அரைபடாது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். சோளமோ கோதுமையோ உடைக்கத்தான் பொருத்தமாம். சிப்பாய்களோ காபிக்கொட்டையைத் துப்பாக்கிக் கட்டையாலேயே நசுக்கிக் கொண்டார்கள்.

இவ்வளவு அரிதான ஒன்று சந்தையில் அடிக்கடி தென்பட்டால் என்ன அர்த்தம்? போலி. அந்தப் போலியை எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் என்னை உறுத்தியது. ஒரு நிஜமான ஷார்ப்ஸை எடுத்து, நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்த அதன் பின்கட்டையைக் குடைந்து, ஒரு பழைய மில்லைப் பொருத்துகிறார்கள். ஒவ்வொரு போலிக்கும் ஒரு அசல் கார்பைன் காலி. அதைத் திரும்பப் பழையபடி ஆக்கவும் முடியாது. மேஜையில் கதை விடுகிற என்னைப் போன்றவர்கள்தான் அதற்குச் சந்தையை உண்டாக்குகிறோம் என்று நினைத்தபோது கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

அமெரிக்காவின் 1968 மத்தியச் சட்டப்படி 1898-லோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி 'பழம்பொருள்'. அதனால் அங்கே இவற்றின் வியாபாரம் வெளிப்படையாக நடக்கிறது. ஏலப் படங்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். நான் இப்போது தேடுவது குடைந்த மரத்தின் உள்பக்கப் படத்தை. வெளியே கறுத்த மரம் உள்ளேயும் கறுத்திருக்க வேண்டும். புது உளித்தடமோ, பூசின சாயமோ தெரியக்கூடாது. பெரும்பாலும் அந்த ஒரு படத்தை மட்டும் போட்டிருக்க மாட்டார்கள்.