செருப்பு கேட்கும் சாமி

பங்குனி உத்திரம் நெருங்கினால் தெற்கே போகும் ரயிலில் இடம் கிடைப்பது பெரும்பாடு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் வருஷம் முழுக்க எங்கே இருந்தாலும் அன்றைக்குத் தங்கள் சாஸ்தா கோயிலில் நின்றாக வேண்டும். பங்காளிகள் கூடி, பொங்கல் வைத்து, பேரப்பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்திவிட்டு மறுநாள் ஊர் திரும்பிவிடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் யாரையாவது நிறுத்தி, "உங்கள் பரிவார சாமிக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பூசைக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். கதையைக் கேட்டால், "அதெல்லாம் தாத்தாவுக்குத்தான் தெரியும்."

தாத்தாவுக்குத் தெரிந்த கதைகள் லேசானவை அல்ல. பாபநாசத்துக்கு மேலே, காரையாறு காட்டில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது சொரிமுத்து அய்யனார் என்ற சாஸ்தாவின் கோயில். பல குடும்பங்கள் இங்கிருந்துதான் பிடிமண் எடுத்துப்போய்த் தங்கள் ஊரில் சாமியை நிறுத்தின. அங்கே பரிவார சாமியான பட்டவராயனுக்குக் காணிக்கை தோல் செருப்பு. கட்டித் தொங்கவிட்ட செருப்பு, சாமி காட்டில் நடந்து நடந்து அடுத்த வருஷத்துக்குள் தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை.

ஏன் செருப்பு? பட்டவராயன் சாமியாகும் முன் முத்துப்பட்டன் என்ற பிராமணப் பிள்ளை. காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலத்து அக்கா தங்கையைப் பார்த்து மனம் போய்விட்டது. பெண் வேண்டுமானால் பூணூலையும் குடுமியையும் விட்டு, தோல் வேலை பழகி, செருப்புத் தைத்துக் காட்டு என்றார் பெண்களின் தகப்பன். பட்டன் செய்தான். கல்யாண ராத்திரியே மாடு கவர வந்தவர்களோடு சண்டைக்குப் போய்ச் செத்தான். பெண்கள் இருவரும் தீயில் இறங்கினார்கள். சாதி விட்டுச் சாதி போனவனைக் கும்பிடும் மண்ணில்தான் ஆணவக் கொலையும் நடக்கிறது. கதை ஞாபகத்தில் இருந்தால் கை கொஞ்சம் கூசாதா?

இதையெல்லாம் விடிய விடியச் சொல்லிக்கொண்டிருந்தது வில்லுப்பாட்டு. கோயில் திருவிழாவான கொடை நாளில் குடமும் உடுக்கும் சேர, கதை கொலைக் கட்டத்தைத் தொடும்போதுதான் சாமியாடிக்கு அருள் வரும். இப்போது பல கொடைகளில் வில்லுக்கு ஒப்புக்கு ஒரு மணி நேரம். மிச்ச ராத்திரி சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு. பீடத்தைச் சுற்றி டைல்ஸ் பதித்து, கும்பாபிஷேகமும் முடித்தபின் 'இந்தக் கதையெல்லாம் எதற்கு' என்று கேட்கிற கமிட்டிகளும் உண்டு. கோயில் பொலிவாக இருந்தால்தானே பிள்ளைகள் வருவார்கள் என்கிறார்கள். வரட்டும். வந்து எதைக் கேட்டுக்கொண்டு போவார்கள் என்பதுதான் என் கவலை. அடுத்த தலைமுறைக்குச் சாமியின் பெயரே மறந்துபோகும். ஜோசியர் கட்டத்தைப் பார்த்து வேறொரு பெயரைச் சொல்வார். பெயர் கிடைத்துவிடும். செத்தவன் யார், ஏன் செத்தான் என்பது எந்தக் கட்டத்திலும் இருக்காது.

ஓர் ஆடி அமாவாசைக்குக் காரையாறு போயிருந்தேன். ஒரு தகப்பனார் புதுச் செருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற சிறுமி, "சாமிக்கு எதுக்குப்பா செருப்பு?" என்றாள்.

"வேண்டுதல்மா. தொட்டுக் கும்பிட்டுக்கோ."

அவள் கும்பிடவில்லை. செருப்பைத் திருப்பி அடிப்பக்கம் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தாள்.