பாட்டியின் கேள்வியும் ஒரு விஞ்ஞானியின் பதிலும்



வைகுண்ட ஏகாதசி சமயத்தில் பாட்டியோடு ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனேன். ரங்கா ரங்கா கோபுர வாசலில் மெட்டல் டிடெக்டரைத் தாண்டியதும், ஒரு பெண் போலீஸ் பாட்டியை நிறுத்திச் சோதனை போட்டார். பாட்டிக்கு ஒரே கோபம். "பையத்தான் பாத்தாச்சே! பெருமாளைச் சேவிக்க வந்த கிழவிகிட்ட என்னடா இருக்கப் போறது?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1991 மே 21 இரவு. ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி இறந்தார். அவரோடு பொதுமக்கள், போலீஸ்காரர்கள் எனப் பலர் பலியானார்கள். குண்டு எங்கே இருந்தது? பூக்கூடையிலா, மாலையிலா? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

இதைக் கண்டுபிடிக்க வந்தவர் டாக்டர் பி. சந்திரசேகரன். தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்தவர். துப்பாக்கியால் சுட்டால் தோட்டாவில் குழலின் கீறல் விழும். அதை வைத்தே எந்தத் துப்பாக்கி என்று சொல்லிவிடலாம். வெடிகுண்டு அப்படி இல்லை. தானும் சிதறிப்போகும். அதனால் துணித்துண்டு, ஒயர், பேட்டரித் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து ஆராய்ந்தார்கள்.

ஒரு பெண்ணின் உடல் மட்டும் நடுப்பகுதியில் மிக மோசமாகச் சிதைந்திருந்தது. குண்டு பக்கத்தில் இருந்திருந்தால் அப்படி ஆகாது. உடம்போடு ஒட்டி இருந்திருக்க வேண்டும். அவள் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அங்கேயே இறந்துபோன புகைப்படக்காரரின் கேமரா தப்பியது. அந்தப் படங்களில் அவள் கையில் மாலையோடு நிற்கிறாள்!

நண்பர்களே, அன்று ஒரு பெண் போலீஸ் அதிகாரி அவளைத் தடுக்கப் பார்த்தார். ஆனால் 'வரட்டும்' என்று விட்டுவிட்டார்கள். பையை மட்டும் பார்த்தால் போதாது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. முன்னாள் பிரதமர்களுக்கும் சிறப்புப் பாதுகாப்பு தரும்படி அதே 1991-ல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

சந்திரசேகரனுக்கு 2000-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. இறந்தவர்களைத் திரும்பக் கொண்டுவர எந்த விஞ்ஞானியாலும் முடியாது. ஆனால் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அடுத்ததைத் தடுக்க முடியும்.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அடுத்த தடவை கோயிலுக்குப் போனபோது, போலீஸ் அக்கா கேட்கும் முன்பே கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். "நன்னா பாரும்மா" என்றார்.

நாமும் வரிசையில் முணுமுணுக்காமல் நிற்கலாமே!